சீமான்களின் குதிரைக்குத் தீனி போடுவது யார்?

பந்தயக் குதிரை வைத்திருப்பது செலவு பிடித்த இன்பம் என்று சீமான்களே சொல்லிக்கொள்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருத்தத்தைக் காணோம், பெருமைதான் பொங்குகிறது. குதிரையில் போட்ட பணம் திரும்பி வராது, வராதென்று தெரிந்தே போடுகிறோம், இது ராஜாக்களின் விளையாட்டு என்பது அவர்கள் பேச்சு. ஆலையில் பஞ்சப்படி கேட்டால் "நஷ்டம், நஷ்டம்" என்று கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுகிற அதே வர்க்கம், குதிரை லாயத்து நஷ்டத்தை மட்டும் பதக்கம்போல் மார்பில் குத்திக்கொண்டு திரிகிறது!

"எங்கள் காசு, எங்கள் குதிரை, எங்கள் நஷ்டம். உங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது?" என்றும் நம்மைக் கேட்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். அவர்கள் காசு மட்டுமே என்றால் நாம் இந்தப் பக்கத்தை வீணாக்க வேண்டியதில்லை. ஒருவன் தன் பணத்தை மூட்டை கட்டிக் குற்றாலத்து ஐந்தருவியில் கொண்டுபோய்க் கொட்டினாலும் தடுக்க நாம் யார்? ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் சங்கதி வேறாக இருக்கிறது. குதிரை அவர்களுடையது, அது ஓடிய தரை ஊருடையது. கோப்பை அவர்களுடையது, அதோடு கொடுக்கிற பரிசுப் பணத்தில் ஏழை பாழைகளின் வாரக்கூலியும் கலந்திருக்கிறது. பத்திரிகையில் வருகிற பெயர் அவர்களுடையது. இருட்டு விலகுமுன் லாயத்தில் சாணி அள்ளுகிற கை கூலிக்காரனுடையது. ஆய்க்குடி வயற்காட்டுத் தோழர்களுக்கும், விக்கிரமசிங்கபுரத்திலும் ராஜபாளையத்திலும் ஆலைவாசலில் நிற்கிற தோழர்களுக்கும் இந்தக் கணக்கைத்தான் எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

ஓடினாலும் தின்னும், நின்றாலும் தின்னும்

முதலில் அந்த இன்பம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பந்தயத்தில் ஓடுவது நம் ஊர் ஜட்கா வண்டிக் குதிரை அல்ல. அது தனி ஜாதி. இருநூறு முந்நூறு வருஷங்களுக்கு முன் துருக்கியிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் இங்கிலாந்துப் பிரபுக்கள் கொண்டுபோன மூன்று ஆண் குதிரைகளின் வம்சம். இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் பந்தயக் குதிரை ஓடினாலும் அதன் தகப்பன் வழி அந்த மூன்றில் ஒன்றில் போய் முடியும். வம்சாவளியைப் புத்தகத்தில் எழுதிப் பாதுகாக்கிறார்கள். (உழுகிறவனுக்குப் பட்டா வாங்கத் தாத்தா பெயருக்குச் சாட்சி கிடைப்பதில்லை; குதிரைக்குப் பதினைந்து தலைமுறைக்கு ஆதாரம் இருக்கிறது!)

குட்டி ஒரு வயதுப் பருவத்தில் ஏலத்துக்கு வரும். லட்சக்கணக்கில் விலை. வாங்கிய பிறகு பயிற்சியாளருக்கு மாதக் கட்டணம். ஓட்ஸ், குதிரைமசால், கேரட் என்று தீனி. லாடம் அடிக்க ஒருவர், வைத்தியம் பார்க்க ஒருவர், காலையில் ஓட்டிப் பழக்க ஒருவர். ஊர் விட்டு ஊர் கொண்டுபோக மெத்தை தைத்த லாரி. இரண்டு வயதில் ஓட ஆரம்பித்தால் சில வருஷம் ஓடும். அதற்குள் ஒரு நரம்பு பிசகினால் அன்றோடு சரி. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள் நம் பெரியவர்கள். பந்தயக் குதிரை ஓடினாலும் தின்னும், நின்றாலும் தின்னும்.

பத்துக் குதிரை ஓடினால் ஜெயிப்பது ஒன்று. மிச்சம் ஒன்பதின் சொந்தக்காரர்களில் பலர் கைக்காசை இழந்துதான் வீடு போகவேண்டும். ஜெயித்தவனுக்கோ ஒரு நிமிஷ சுகம்: தன் குதிரையின் கடிவாளத்தைத் தானே பிடித்துக்கொண்டு, சனங்கள் பார்க்க, மைதானத்துக்குள் நடத்தி வருவான், புகைப்படம் எடுப்பார்கள். அந்தப் படத்துக்காகத்தான் இவ்வளவும். செட்டிநாட்டு அரண்மனையைச் சேர்ந்த எம்.ஏ.எம். ராமசாமி 2015-ல் காலமானார். சென்னைப் பந்தயக் கிளப்பின் தலைவராக இருந்தவர். நாட்டின் பெரிய பந்தயங்களை நூற்றுக்கணக்கில் வென்று உலகச் சாதனைப் புத்தகத்தில் இடம் பிடித்தவர். அந்த அளவு ஐசுவரியம் உள்ள வீட்டுக்குக் குதிரைச் செலவு பெரிதில்லை. அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டவர்கள்தான் காண்டிராக்டரும் டாக்டரும் வியாபாரியுமாகச் சேர்ந்து, நாலு பேர் கூட்டாக ஒரு குதிரை வாங்குகிறார்கள். ஆளுக்கு ஒரு கால்! நொண்டுகிற கால் யாருடையது என்று தகராறு வராமல் இருந்தால் சரி.

இவ்வளவு செலவும் செய்து, ஓடுவதற்குத் தரை வேண்டுமே! இங்கேதான் நாம் உள்ளே வருகிறோம்.

ஊட்டியின் நடுவில் 52 ஏக்கர்

சென்னையில் வெயில் கொளுத்தும் நாட்களில் கிண்டிக் குதிரைகளுக்கு வேர்க்கும். ஆகவே 2024 வரை ஏப்ரல் பாதியில் எஜமானர்களும் குதிரைகளும் நீலகிரி ஏறிவந்தார்கள். ஜூன் வரை ஊட்டியில் ஜாகை. அங்கே ஒரு சின்னப் பந்தய மைதானம் இருந்தது. சின்னது என்பது கிண்டியைப் பார்க்கத்தான். மலையில் சமதரை என்பது பொன்னைப்போல் அருமையான பொருள். ஊரின் நட்ட நடுவில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், 52 ஏக்கர் சொச்சம் சமதரை!

அந்தத் தரை எப்படி வந்தது? ஊட்டியை வெள்ளைக்காரனுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் என்று புகழப்படும் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன், தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கினார். 1820களில் ஓடைகளை மறித்து ஏரி வெட்டினார். அந்த ஏரி இன்றிருப்பதைவிட மிகப் பெரியது. பின்னால் அது சுருங்கச் சுருங்க, வெளிப்பட்ட தரையில் பந்தய மைதானம் வந்தது, பஸ் நிலையமும் வந்தது. 1886 முதல் அங்கே குதிரை ஓடியதாகச் சரித்திரம். மலைமக்களின் மேய்ச்சல் தரை ஏரியாயிற்று. ஏரி துரைமார்களின் குதிரைக் களமாயிற்று. துரை கப்பலேறினான், நம் ஊர்க் கனவான்கள் அதே சேணத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

நிலம் அரசாங்கத்துடையது. கிளப்புக்குக் குத்தகை. அந்தக் குத்தகை 1978-ல் முடிந்துவிட்டது. தோழர்களே, வருஷத்தைக் கவனியுங்கள்! 1978-ல் முடிந்த குத்தகைக்குப் பிறகும் குதிரை ஓடியது. 2001 முதல் வாடகையும் கட்டவில்லை. குதிரை ஓடியது. ஹைகோர்ட் வெளியேற்ற உத்தரவிட்டது 2019-ல். அப்புறமும் ஓடியது. கடைசியில் 2024 ஜூன் மாதத்தில்தான் வருவாய்த் துறை அதிகாரிகள் போய் நிலத்தைக் கைப்பற்றினார்கள். அன்றைக்குச் சர்க்கார் சொன்ன பாக்கித் தொகை 822 கோடி ரூபாய்!

822 கோடி என்றால் நமக்கெல்லாம் எத்தனை சைபர் என்று விரல் விட்டு எண்ணவேண்டும். நமக்குத் தெரிந்த படியால் அளந்து பார்ப்போம். 2024-25ஆம் வருஷத்தில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். 822 கோடியை அதால் வகுத்தால் 2 கோடியே 57 லட்சம் கூலி நாட்கள் வருகின்றன. அதாவது இரண்டரை லட்சம் குடும்பங்களுக்கு நூறு நாள் முழுக்க வேலை கொடுத்துக் கூலியும் கொடுத்துவிடலாம். வேலை செய்த கூலி மூன்று மாதம் வரவில்லை என்று மண்வெட்டியும் கையுமாகப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்ற தாய்மார்களே, பாக்கி என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இங்கே பாக்கி வைத்தவன் வேறு, அவ்வளவுதான்.

ஒரு மாதமும் நாற்பத்தாறு வருஷமும்

இப்போது நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். தென்காசி வட்டாரத்தில் கோயில் நிலம், மடத்து நிலம், தனியார் நிலம் என்று குத்தகைக்கு உழுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களைக் காப்பாற்றவென்று 1955-ல் ஒரு சட்டம் வந்தது: குத்தகை விவசாயிகள் பாதுகாப்புச் சட்டம். நல்ல சட்டம், போராடிப் பெற்ற சட்டம். அதிலேயே என்ன எழுதியிருக்கிறது? குத்தகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் செலுத்தவில்லையென்றால் அந்த விவசாயியை வெளியேற்ற நிலச்சொந்தக்காரர் மனுப் போடலாம் என்று எழுதியிருக்கிறது. விசாரிக்கிறவர் அவகாசம் கொடுக்கலாம். அது அவர் மனசு.

பாதுகாப்புச் சட்டமே ஒரு மாதத்தைத்தான் கெடுவாகப் பேசுகிறது. மழை பொய்த்தாலும், குளம் உடைந்தாலும், பயிர் சாவியானாலும் ஏழைக் குடியானவன் அந்தத் தேதியை நினைத்து நினைத்து வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறான். பந்தயக் கிளப்புக்கோ குத்தகை முடிந்து 46 வருஷம்! பணம் கட்டாமல் 23 வருஷம்! உழுது நமக்குச் சோறு போடுகிறவனுக்கு மாதக் கணக்கு; குதிரை ஓட்டிப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறவனுக்குத் தலைமுறைக் கணக்கு. ஒரே நாட்டில், ஒரே சர்க்காரின் கீழ்!

ஊட்டி இப்படி என்றால் கிண்டியைக் கேட்கவே வேண்டாம். சென்னையின் இதயத்தில் 160 ஏக்கர் 86 சென்ட். வெள்ளைக்காரன் மூட்டை கட்டப் போகிற நேரத்தில், 1945-ல், கிளப்புக்கு எழுதிக் கொடுத்தான்: 1946 ஏப்ரல் முதல் 99 வருஷம். வாடகை என்ன தெரியுமா? வருஷத்துக்கு 614 ரூபாய்ச் சொச்சம். ஏக்கருக்கு வருஷம் நாலு ரூபாய்கூட இல்லை! பின்னால் சென்னையில் ஒரு குடிசைக்கு ஒரு மாத வாடகை அதைத் தாண்டிய காலத்திலும் அதே 614 ரூபாய்தான் என்று கிளப் சாதித்தது. 1970 முதல் வாடகையை உயர்த்தச் சர்க்கார் முயன்றது. வழக்கு, மேல்வழக்கு என்று இழுத்தடித்தார்கள். 2023 மார்ச்சில் ஹைகோர்ட் நீதிபதி, 1970 முதல் 2004 வரைக்கான பாக்கி 730 கோடியே 86 லட்சம் ரூபாயை ஒரு மாதத்தில் கட்டச் சொன்னார். 2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்தது. அதன் மேலும் வழக்கு நடந்தது. குதிரையைவிட வேகமாக ஓடுவது அவர்கள் வக்கீலின் பேனாதான்.

மூன்று முதலமைச்சர் காலத்து ஓட்டம்

"இத்தனை நாள் சர்க்கார் என்ன செய்தது?" என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தது என்று சொல்லமாட்டோம். 1974-ல் கருணாநிதி ஆட்சியில் குதிரைப் பந்தயச் சூதை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். கிளப் கோர்ட்டுக்குப் போயிற்று, தடை வாங்கியது, குதிரை ஓடியது. 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கிளப்பையே அரசுடைமையாக்கச் சட்டம் போட்டார்கள். அதற்கும் வழக்கு. 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது: குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த விளையாட்டு, அதிர்ஷ்டத்தைச் சார்ந்த சூதாட்டமல்ல, 1986 சட்டம் செல்லாது. அப்போது ஆட்சியில் இருந்தது ஜெயலலிதா. சட்டம் போட்டு 22 வருஷம் கழித்து, குதிரை அதே இடத்தில் நின்றது.

திறமை என்கிறார்களே, அது யாருடைய திறமை? ஓடுகிறது குதிரை. பழக்குகிறவன் பயிற்சியாளன். கழுத்தை முறித்துக்கொள்ளத் துணிந்து மேலே உட்காருகிறவன் ஜாக்கி. அவர்களுக்குத் திறமை உண்டு என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சீட்டு வாங்குகிற ரிக்‌ஷாக்காரனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் என்ன திறமை பயன்படும்? குதிரையின் வம்சமும் பழைய ஓட்டமும் சுமந்த எடையும் படித்துக் கணக்குப் போட அவனுக்கு ஏது நேரம்? குதிரையின் பெயர் தன் மகள் பெயராக இருக்கிறதென்று பணம் கட்டுகிறவன் அவன்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். பந்தய மைதானத்து இயந்திரக் கவுண்டரில் எல்லோரும் கட்டும் பணம் ஒரே தொட்டியில் விழுகிறது. தொட்டியிலிருந்து முதலில் கிளப் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. சர்க்கார் வரியை எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தைத்தான் ஜெயித்த சீட்டுக்காரர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆகவே எந்தக் குதிரை ஜெயித்தாலும் தொட்டியில் போட்ட கூட்டத்துக்கு மொத்தத்தில் நஷ்டம். இது கணக்கு, ஜோசியம் அல்ல. கிளப் எடுத்த பங்கிலிருந்து மைதானத்துச் செலவு நடக்கிறது, பரிசுத் தொகையும் போகிறது. பரிசு யாருக்கு? குதிரைச் சொந்தக்காரருக்கு! சம்பள நாளில் பத்தும் ஐம்பதும் கட்டித் தோற்றவனின் காசு சுற்றி வளைத்துப் போய்ச் சீமான் வீட்டுக் கோப்பையில் விழுகிறது. நஷ்டப்படுவதாகப் பெருமை பேசுகிற சீமானின் நஷ்டத்தில் ஒரு பகுதியை அடைத்தது, வீட்டில் உலை வைக்கக் காசில்லாமல் நின்ற தொழிலாளியின் மனைவி!

வரி வருகிறதே, சர்க்காருக்கு லாபம்தானே என்று சிலர் வக்காலத்து வாங்குகிறார்கள். 2017-ல் பந்தயப் பணத்துக்கு 28 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வந்தது, 2025 செப்டம்பரில் அது 40 சதவிகிதமாயிற்று. வரி வருவது மெய்தான். சாராயத்திலும் வருகிறது. அதற்காகக் குடி நல்லதென்று ஆகிவிடுமா? அந்த 40-ம் சீட்டு வாங்கினவன் பணம். 822 கோடி வாடகைதான் கிளப் தர வேண்டிய பணம். முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பது கபட வித்தை.

பாண்டியன் குதிரையும் பிட்டு வாணிச்சியும்

இது இன்றைக்கு வந்த வழக்கமல்ல. குற்றாலத்துச் சிற்றாறு போய்க் கலக்கிற தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் காயல் துறைமுகம் இருந்தது. எழுநூறு வருஷங்களுக்கு முன், பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில், அங்கே கப்பல் கப்பலாக அரபுக் குதிரைகள் வந்து இறங்கின. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ பார்த்து எழுதியிருக்கிறார்: பாண்டிய அரசரும் அவர் சகோதரர்களும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், பொன்னாகக் கொட்டிக் கொடுக்கிறார்கள், வருஷ முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை. வளர்க்கத் தெரியாது, தெரிந்தவனை வியாபாரிகள் இந்தப் பக்கம் வரவே விடவில்லை. வருஷா வருஷம் செத்தால்தானே வருஷா வருஷம் விற்கலாம்! வாஸாஃப் என்ற பாரசீக ஆசிரியர் இன்னொரு விஷயமும் எழுதிவைத்தார். குதிரைக்குக் கொடுத்த விலை, கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்தும் தாசிகள் மீது போட்ட வரியிலிருந்தும் வந்தது என்கிறார். குதிரை ராஜாவுக்கு; விலை, கோயில் நிலத்தில் ஏர் பிடித்தவனுக்கும் வரி கட்டிய பெண்ணுக்கும்.

நரி பரியான கதையைக் கேட்காதவர் நம்மில் யாரும் இல்லை. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய கஜானாப் பணத்தை வாதவூரர் கோயிலுக்குச் செலவழித்தார். வந்த குதிரைகள் ராத்திரியில் நரியாகிப் பழைய குதிரைகளையும் கடித்துக் குதறி ஓடிப்போயின. கதாகாலட்சேபத்தில் எல்லோரும் சிரிக்கிற இடம் அது. அடுத்து நடந்ததை மறக்கக்கூடாது. வைகையில் வெள்ளம், கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும் என்று ராஜா உத்தரவு. பிட்டு விற்கிற கிழவி வந்திக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டுக்குக் கூலியாள் வந்தான், மண் சுமந்தான், முதுகில் பிரம்படி வாங்கினான். அந்த அடி ஊரில் எல்லோர் முதுகிலும் விழுந்ததாம். புராணக்காரர் பக்திக்காகச் சொன்னார். நாம் வரிசையை மட்டும் கவனிக்கிறோம்: ஆரம்பம் ராஜாவின் குதிரை, முடிவு கூலிக்காரன் முதுகு.

லாயத்தில் நிற்பவர்கள்

குதிரையின் மேல் நமக்கு விரோதமில்லை. அது அழகான பிராணி; உழைக்கிற பிராணி. நம் சாஸ்தா கோயில்களில் மண்ணால் செய்து வைத்துக் கும்பிடுகிறோம். (அந்தக் குதிரை கொள்ளும் கேட்பதில்லை, 160 ஏக்கரும் கேட்பதில்லை.) இந்தக் கதையை ஆய்க்குடியில் நடவு முடித்துக் கரையேறிய பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது வயதான ஓர் அம்மாள் கேட்டார்: "ஏம் அண்ணாச்சி, அம்புட்டுக் காசு போட்டு வாங்குன குதிரைக்கு வயசானா என்ன செய்வாக? பென்சன் உண்டுமா?"

பெரிய கேள்வி கேட்டார் அந்த அம்மாள். நல்ல வம்சத்துக் குதிரை ஜெயித்திருந்தால் பண்ணைக்குப் போய்க் குட்டி போடும். சில குதிரைகள் சவாரிப் பள்ளிக்கும் போலீஸ் படைக்கும் போகும். ஓடும்போதே கால் எலும்பு முறிந்தால் பெரும்பாலும் அங்கேயே முடித்துவிடுவார்கள். குதிரை நாலு காலில் நிற்க வேண்டிய மிருகம், படுக்கையில் வைத்துக் குணப்படுத்துவது மிகவும் கடினம். மிச்சமெல்லாம் கைமாறிக் கைமாறி எங்கோ போய்விடுகின்றன. தீனிச் செலவு தாங்காத நாளில் அதன் வம்சாவளிப் புத்தகத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

அந்தக் குதிரையைத் தேய்த்து, குளிப்பாட்டி, தீனி வைத்து, இரவில் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிற குதிரைக்காரன் ஒருவன் இருக்கிறானே, சயிஸ் என்று சொல்வார்கள், அவனைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும். எஜமானின் குதிரைக்கு உடம்பு சுகமில்லையென்றால் வைத்தியர் நடுச்சாமத்தில் வருவார். சயிஸை அது உதைத்துவிட்டால் அவன் விதி. மைதானங்களை மூடப் போகிறோம் என்று சர்க்கார் சொன்னதும் சீமான்களுக்கு இந்தச் சயிஸின் ஞாபகம் வந்துவிட்டது! "ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் பிழைப்பு போகுமே" என்று கண்ணீர் விட்டார்கள். ஆலையை லாக்-அவுட் செய்யும்போது வராத கண்ணீர். ஆட்குறைப்பு நோட்டீஸ் ஒட்டும்போது வராத கண்ணீர்!

கண்ணீர் முதலையுடையது என்பதற்காகக் குடும்பம் பொய்யாகிவிடாது. நம்மில் சிலர் "சூதாட்டக் கூடம் ஒழிந்தது, நல்லதாயிற்று" என்று கைதட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது சரியல்ல. சயிஸும், லாடம் அடிப்பவரும், புல் வெட்டுபவரும், மைதானம் கூட்டுபவரும் கூலி வர்க்கம். தலைமுறையாக வேறு தொழில் தெரியாதவர்கள். கிளப் தர வேண்டிய பாக்கியில் முதல் கணக்கு அவர்களுடைய சம்பளமும் பணிக்கொடையும்தான். அதைத் தீர்க்க வைக்க வேண்டிய பொறுப்பு நிலத்தை எடுத்த சர்க்காருக்கு உண்டு. மீட்ட நிலத்தில் என்ன வேலை நடந்தாலும் அந்த வேலையில் முதல் ஆள் அவர்கள் வீட்டு ஆளாக இருக்கட்டும்.

மீட்ட தரை யாருக்கு?

ஷாங்காய் நகரத்தில் வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த பெரிய பந்தய மைதானம் ஒன்று இருந்தது. 1949-க்குப் பிறகு பந்தயம் நின்றது. அந்தத் தரையை மக்கள் சதுக்கமாகவும் மக்கள் பூங்காவாகவும் ஆக்கினார்கள். அது புரட்சி நடந்த நாடு, அங்கே சரி என்பீர்கள். சிங்கப்பூரைப் பாருங்கள். பணக்காரர்களின் சொர்க்கம் என்று பெயரெடுத்த ஊர். நம்மவர்கள் கூலி வேலைக்குப் போய் வேர்வை சிந்தும் ஊர். சிராங்கூன் பக்கத்தில் ரேஸ் கோர்ஸ் சாலை என்று ஒரு தெருவுக்கே பழைய மைதானத்தின் பெயர் இருக்கிறது. அங்கே 180 வருஷத்துக்கு மேல் நடந்த குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு நின்றது. கிராஞ்சி மைதானத்து நிலத்தை, வீடு கட்டுவது முதலான காரியங்களுக்காகச் சர்க்கார் திரும்பக் கேட்டது. கிளப் ஒப்படைக்கச் சம்மதித்தது. முதலாளித்துவ சர்க்காரே குதிரையைவிட வீடு முக்கியம் என்று கணக்குப் பார்த்தபோது, இங்கே நம் கனவான்கள் சுப்ரீம் கோர்ட்டுக்கும் ஹைகோர்ட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார்கள். இலங்கை நுவரெலியாவிலோ சித்திரைக்குச் சித்திரை இன்னும் பந்தயம் நடக்கிறது. அதைச் சுற்றிய மலைகளில் லயத்து அறைகளில் நம் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள். இங்கிலீஷ்காரன் போன இடமெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்தே விட்டுப்போயிருக்கிறான்: மைதானம் ஒன்று, லயம் ஒன்று. ஓட்டக் குதிரைக்கு லாயம். உழைக்கிற குடும்பத்துக்கு லயம். எழுத்தில்கூட ஒரு கால்தான் வித்தியாசம்.

ஊட்டியில் மீட்ட நிலத்தைத் தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்துச் சுற்றுச்சூழல் பூங்கா அமைப்பதாகச் சொன்னார்கள். பூங்கா நல்லதுதான். கிண்டியில் குளம் வெட்டுவதும் நல்லதுதான். மழைக்கு வேளச்சேரி மூழ்குவதைப் பார்த்தவர்கள் குளத்தை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் நம் அனுபவம் நம்மை எச்சரிக்கிறது. பூங்கா என்று ஆரம்பித்து, வாசலில் டிக்கெட் என்று ஆகி, உள்ளே தனியாருக்கு ஓட்டல், பொழுதுபோக்குக் காண்டிராக்ட் என்று வளர்ந்து, இருபது வருஷத்தில் இன்னொரு 614 ரூபாய்க் குத்தகை முளைத்துவிடக் கூடாது. நீலகிரியில் தேயிலை பறிக்கிற பெண், ஞாயிற்றுக்கிழமை தன் பிள்ளைகளோடு காசு கொடுக்காமல் போய் உட்காரக்கூடிய தரையாக அது இருக்கவேண்டும். அதில் ஒரு சென்ட்கூட எந்தக் கிளப்புக்கும், எந்தப் பெயரிலும் திரும்பப் போகக் கூடாது.

பாக்கியை விட்டுக்கொடுப்பதும் கூடாது. 822 கோடியும் 730 கோடியும் அசலும் வட்டியுமாக வசூலாக வேண்டும். சமரசம், தள்ளுபடி, தவணை என்று சட்டசபையிலோ கோர்ட்டிலோ பேச்சு எழுந்தால், நம் வட்டாரத்துக் குத்தகை விவசாயிகளின் பாக்கியையும் அதே பேச்சில் சேர்க்கச் சொல்லிக் கேட்போம். நாற்பத்தாறு வருஷத் தவணை குதிரைக்கு உண்டென்றால், குளம் வற்றிப் பயிர் கருகிய வருஷத்துக்கு ஒரு போகத்துத் தவணை ஆய்க்குடிக் குடியானவனுக்கு உண்டா இல்லையா என்று தென்காசிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கேட்போம். மனுவில் கைரேகை வைக்க வரும்போது போன வருஷத்துக் குத்தகை ரசீதையும் கையோடு எடுத்து வாருங்கள்.